கல்லில் தேடிய நிழல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

வரைந்த செம்பருத்தியின் இதழில் நிழல் கொண்டுவர மூன்று நாள் போராடினேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு பேட்மிண்டன் அலமாரிதான் நினைவுக்கு வந்தது. இறகுப்பந்தாட்டத்துக்குப் பெயர் கொடுத்த இங்கிலாந்து மாளிகைக்காகச் செய்தது அது. 1726இல் போஃபோர்ட் கோமகன் ஹென்றி சாமர்செட் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அதற்குச் சொல்லிவைத்தபோது அவருக்கு வயது 19. வேலை முடிய ஆறு ஆண்டு ஆயிற்று. உயரம் பன்னிரண்டரை அடிக்கு மேல். கருங்காலியின் கருப்பில் பூக்களும் பறவைகளும் பளிச்சென்று தெரியும். அத்தனையும் கல், ஒரு சொட்டுச் சாயம் கிடையாது.

அந்த அலமாரியைச் செய்த பட்டறையை 1588இல் தொடங்கியவர் புளோரன்ஸை ஆண்ட மெடிசி குலத்து ஃபெர்டினாண்டோ. அங்கே வேலை நடந்த விதத்தைக் கேள். முதலில் ஓவியர் படம் வரைவார். அதை இதழ் இதழாக வெட்டி, மெல்லிய கல் பலகைமேல் ஒட்டுவார்கள். வளைத்த மரக்கிளையில் இரும்புக் கம்பியைக் கட்டினால் ரம்பம் தயார், பார்க்க வில் மாதிரியே இருக்கும். வெறும் கம்பி கல்லை அறுக்காது. ஈரச் சாணைப்பொடியை விடவிட, அந்தப் பொடிதான் கல்லைத் தின்னும். துண்டின் ஓரத்தைப் பின்பக்கமாகச் சற்றே சாய்த்துத் தேய்ப்பார்கள். அப்போதுதான் முன்பக்கத்தில் இரண்டு கல்லும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேரும்.

இதழுக்கு நிழல்? அதைப் போட முடியாது, தேடத்தான் வேண்டும். சிவப்பு ஜாஸ்பர் கல்லில் எங்கே நிறம் வெளிறுகிறது, அகேட் கல்லில் எந்த வரி இறகுபோல ஓடுகிறது என்று பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுப்பார்கள். மீதிக் கல் ஒதுங்கிவிடும். எனக்கு இந்த வேலையிலேயே பெரிய கலை அந்தத் தேடல்தான்.

2004இல் அந்த அலமாரி 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போயிற்று. இப்போது வியன்னாவில், லிக்டன்ஸ்டைன் இளவரசரின் அரண்மனையில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுப் பக்கம் போனால் பத்துக் கூழாங்கல் பொறுக்கிக்கொள். காய்ந்திருக்கும்போது எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். தண்ணீரில் முக்கு, உள்ளே ஒளிந்திருந்த சிவப்பும் மஞ்சளும் மேலே வரும். கல்லை மெருகேற்றும்போது தெரிவதும் அதே நிறம்தான். உன் செம்பருத்தியின் நிழல் எந்தக் கல்லில், எந்த மூலையில் இருக்கிறது என்று பார். கிடைத்தால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வை. பொங்கலுக்கு வரும்போது காட்டு.

அன்புடன்,
மாமா