ஒளியைப் பொருளாக்கிய கலைஞர்

நுழையும்முன்

வெயில் படும் சன்னலோரத்தில் வண்ணத்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் ஒரு சாவியை வைத்துவிடுங்கள். சில நாள்கள் கழித்துச் சாவியை எடுத்துப் பார்த்தால், தாள் வெளுத்திருக்கும். சாவி இருந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் தங்கியிருக்கும். அங்கே தூரிகையும் இல்லை; வரைந்த கையும் இல்லை. வரைந்தது ஒளி. இந்த எளிய உண்மையைக் கலையாக வளர்த்தெடுத்த ஒருவரின் தேடலை இப்பாடம் கூறுகிறது.

போர்முனையிலிருந்து கலைக்கு

லாஸ்லோ மொஹோய்-நாஜ் 1895ஆம் ஆண்டு ஹங்கேரியின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். புடாபெஸ்ட் நகரில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. பீரங்கிப் படையில் பணியாற்றிய அவர், போர்முனையில் கிடைத்த அஞ்சலட்டைகளில் வீரர்களையும் தாம் கண்ட காட்சிகளையும் வரைந்தார். காயமுற்றுத் திரும்பியவரின் உள்ளம் சட்டத்தில் நிலைக்கவில்லை. கலையையே வாழ்க்கையாகத் தேர்ந்துகொண்டார். 1920ஆம் ஆண்டு பெர்லினுக்கு வந்தார். பிராகா நகரில் பிறந்த லூசியாவை அங்குச் சந்தித்து, மறு ஆண்டில் மணந்துகொண்டார்.

ஒரு வினா

ஒளிப்படக் கருவி எதிரே இருப்பதைப் படியெடுக்கிறது. இசைத்தட்டு பாடியதைத் திரும்ப ஒலிக்கிறது. உள்ளதை மீண்டும் தருவதற்கே பயன்படும் இக்கருவிகளைக்கொண்டு இதுவரை இல்லாததைப் படைக்க இயலாதா? 1922இல் வெளியான கட்டுரை ஒன்றில் மொஹோய்-நாஜ் எழுப்பிய வினா இது. பாடகரோ இசைக்கருவியோ இன்றி, இசைத்தட்டில் நேரடியாகக் கோடுகளைக் கீறிப் புதிய ஒலிகளை உண்டாக்கலாம் என்று அவர் அதில் எழுதினார். ஒளிப்படத்துக்கும் அதே வழியைக் கண்டார்: ஒளிப்படத்தின் அடிப்படை ஒளி உணரும் பரப்பே என்றால், கருவி இல்லாமலே படம் எடுக்கலாம் அல்லவா?

கருவியில்லாப் படம்

இருட்டறையில் வெள்ளி உப்புகள் பூசிய தாளை விரிக்கிறார்கள். அதன்மேல் ஒரு பொருளை வைத்துச் சில நொடிகள் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். பின்னர்த் தாளை வேதிக்கரைசல்களில் இட்டால், ஒளி பட்ட இடம் கருமையாகிறது. பொருள் மறைத்த இடம் வெண்மையாகவே நிற்கிறது. இவ்வாறு உருவாகும் படத்துக்கு ஃபோட்டோகிராம் என்று பெயர்.

இவ்விரண்டு நிறங்களுக்கு இடையில் உள்ள சாம்பல் நிறப் படிகளே மொஹோய்-நாஜின் உள்ளத்தைக் கவர்ந்தன. கண்ணாடிப் பொருள் ஒளியில் ஒரு பகுதியை விடுகிறது. மெல்லிய துணி இன்னோர் அளவில் விடுகிறது. தாளைத் தொடாமல் உயர்த்திப் பிடித்த பொருளின் விளிம்பு மங்கலாகக் கரைகிறது. இவற்றை இணைத்து அவர் உருவாக்கிய படங்களில் எது என்ன பொருள் என்று அறிவது அரிது. ஒளி எவ்வளவு வந்தது, எங்கே தடைபட்டது, எவ்வாறு வளைந்தது என்பதே படமாகிறது. நெகட்டிவ் இல்லாமையால் ஒவ்வொன்றும் ஒரே படியாக நிற்கிறது. ஓவியருக்கு வண்ணம் எப்படியோ, அவருக்கு ஒளி அப்படி ஆயிற்று.

> தெரிந்து தெளிவோம்
> கருவியின்றிப் படம் எடுக்கும் முறை மொஹோய்-நாஜுக்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த அன்னா அட்கின்ஸ் என்னும் பெண்மணி, கடற்பாசிகளை ஒளி உணரும் தாளில் வைத்து நீலநிறப் படங்களாக்கி, 1843ஆம் ஆண்டு முதல் நூலாக வெளியிட்டார். 1920களில் மேன் ரே என்னும் கலைஞரும் பாரிசில் இம்முறையைக் கையாண்டார்.

பௌஹவுஸ் ஆசிரியர்

ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் நடத்திய பௌஹவுஸ் கலைப்பள்ளி, 1923இல் மொஹோய்-நாஜை ஆசிரியராக அழைத்தது. தொடக்கநிலை மாணவர்களுக்கு மரம், உலோகம், கண்ணாடி ஆகியவற்றைத் தொட்டும் நிறுத்தியும் இணைத்தும் அறியும் பயிற்சியை அளித்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூலில் ஓவியம், ஒளிப்படம், திரைப்படம் ஆகிய மூன்றையும் ஒளியின் கலைகளாக ஒருசேர ஆராய்ந்தார்.

1930ஆம் ஆண்டு, பல்லாண்டு உழைப்பில் உருவான இயந்திரம் ஒன்றைப் பாரிசில் காட்சிப்படுத்தினார். துளையிட்ட உலோகத் தகடுகளும் கண்ணாடியும் கம்பி வலைகளும் மோட்டாரால் சுழலும். அவற்றின்மேல் விளக்கொளி பட்டதும், அறையின் சுவர்களில் நிழலும் ஒளியும் இடையறாது உருமாறும். பார்ப்பவர் இயந்திரத்தை மறந்து சுவரைப் பார்க்கத் தொடங்குவர். அசையும் அந்த ஒளியை அவர் குறும்படமாகவும் பதிவு செய்தார்.

நிழலில் நின்றவர்

இக்கலைப் பயணத்தில் உடன் நடந்தவர் லூசியா மொஹோய். இருட்டறை நுட்பங்களை முறையாக அறிந்தவர் அவரே. தொடக்ககால ஃபோட்டோகிராம்கள் இருவரின் கூட்டுமுயற்சியில் உருவாயின. கணவரின் ஜெர்மன் கட்டுரைகளைச் செம்மை செய்தவரும் லூசியாவே. ஆயினும், அவற்றில் பெரும்பாலும் கணவரின் பெயரே நின்றது. பௌஹவுஸ் கட்டடங்களையும் அங்கு உருவான பொருள்களையும் படம்பிடித்து உலகறியச் செய்தவரும் அவர்தாம்.

1933இல் நாஜி ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சிப் பெர்லினை விட்டு வெளியேறியபோது, தம் கண்ணாடி நெகட்டிவ்களை உடன் எடுத்துச் செல்ல லூசியாவால் இயலவில்லை. அவை குரோப்பியஸிடம் சேர்ந்தன. அப்படங்கள் நூல்களிலும் கண்காட்சிகளிலும் அவர் பெயரின்றியே வெளிவந்தன. நெடுங்காலம் போராடிய பின்னர், 1957இல் ஒரு பகுதி மட்டும் அவரிடம் திரும்பியது. ஒளியைப் புதிதாகப் பார்க்கக் கற்றுத்தந்த ஒரு காலம், தன் அருகில் நின்றவரைப் பார்க்கத் தவறியது. ஒரு படைப்பைப் போற்றும்போது அதில் உழைத்த கைகளையெல்லாம் தேடி அறிவதும் கலையறிவின் ஒரு பகுதியே ஆகும்.

நிறைவாக

மொஹோய்-நாஜும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1937இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் புதிய பௌஹவுஸ் பள்ளியைத் தொடங்கினார். ஓராண்டிலேயே அது மூடப்பட்டது. மனம் தளராமல் 1939இல் வேறொரு பள்ளியைத் தாமே நிறுவினார். 1946இல், தம் 51ஆம் அகவையில் இரத்தப் புற்றுநோயால் மறையும்வரை கற்பித்துக்கொண்டே இருந்தார்.

இன்று நம் கைகளில் எல்லாம் படக்கருவி இருக்கிறது. நாள்தோறும் படம் எடுக்கிறோம்; ஒளியைக் கவனிக்கிறோமா? சுவரில் அசையும் வேப்பிலை நிழலையும், தண்ணீர்க் குவளை மேசைமேல் வீசும் ஒளி வளையத்தையும் ஒரு கணம் நின்று பாருங்கள். மொஹோய்-நாஜின் கலை தொடங்கியது அத்தகைய பார்வையில்தான்.

கற்பவை கற்றபின்...

1. இலை, சாவி, சீப்பு ஆகியவற்றை வண்ணத்தாளின்மீது வைத்து வெயிலில் சில நாள்கள் காயவிடுக. கிடைக்கும் படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.
2. உம் ஊரில் உள்ள கோயில் தேர், நெசவு, கட்டடம் போன்ற ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் பெயர் அறியப்படாமல் உழைத்தவர்களைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

வினாக்கள்

1. ஃபோட்டோகிராம் உருவாகும் முறையை விளக்குக.
2. 'உள்ளதைப் படியெடுத்தல்', 'புதியதைப் படைத்தல்' – இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின்வழி விளக்குக.
3. லூசியா மொஹோயின் வாழ்வு உணர்த்தும் செய்தியைக் கட்டுரையாக எழுதுக.