வீட்டு இன்டர்நெட்: பழுது வீட்டிலா, லைனிலா?

சென்ற மாதம் சொந்த அலுவலாக யாழ்ப்பாணம் போயிருந்தோம். எமது தோட்டத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட இருக்கிறார். வீட்டிலேயே சாரி சட்டை தைத்துக் கொடுக்கிறார். பின் அறையில் எமது தோட்டத்துப் பிள்ளைகள் இருவர் தங்கிக் கம்பஸில் படிக்கிறார்கள்.

தேத்தண்ணி வருமுன்னமே முறைப்பாடு வந்தது. "ஐயா, பத்து நாளா இன்டர்நெட் சரியில்ல. புள்ளைங்க அசைன்மென்ட் அனுப்ப முடியாம ரோட்டுல போய் நிக்குதுங்க. பிஸ்னஸ் கணக்குக்கு மாத்தினா நல்லா வரும்னு சொல்றாங்க. பாரம் கூட நிரப்பி வச்சிட்டேன்."

பிஸ்னஸ் கணக்கென்றால் மாதக் கட்டணம் கூட. தையல் காசில்தான் அதுவும் போக வேண்டும். பாரத்தை ஒரு பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு ரவுட்டரைப் பார்த்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது லைட்டுகளைத்தான். ஃபைபர் லைன் என்றால் "பொன்" என்ற லைட் பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். "லொஸ்" என்ற லைட் சிவப்பாக மினுக்கினால் வெளிச்சம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அது கம்பனிக்காரர் வேலை. ஃபைபர் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. ஆணி அடித்து மடக்கினாலோ அலுமாரி நெரித்தாலோ அது கெட்டுப்போகும். பழைய செம்புத் தொலைபேசி லைனில் வருவதானால் "டிஎஸ்எல்" லைட்டைப் பாருங்கள்.

இந்த வீட்டில் பச்சை நன்றாக எரிந்தது. பிள்ளையின் லெப்டொப்பைக் கேபிளால் நேரே ரவுட்டரில் கொழுவினோம். எல்லாம் ஓடியது! ஆகவே லைனில் குறையில்லை, வைஃபையில்தான் குறை. ரவுட்டர் முன் விறாந்தையில் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பின் அறைக்கு நடுவே இரண்டு தடித்த பழைய கற்சுவர்கள். அதோடு பிள்ளைகள் 5 கிகாஹேர்ட்ஸ் பெயரில் இணைந்திருந்தார்கள். அது கிட்டத்தில் வேகம்; சுவர் தாண்டுவதற்கு 2.4 தான் நல்லது. ரவுட்டரை நடு அறைக்குக் கொண்டுவந்து உயர்த்தி வைத்தோம். பாதிக் கரைச்சல் தீர்ந்தது.

மீதிப் பாதி டேட்டா. பகல் டேட்டாவும் இரவு டேட்டாவும் தனித்தனியான பெக்கேஜ் அது. போன்கள் பகலில் தாமாகவே அப்டேட் செய்து பகல் பங்கை முடித்துவிட்டன. முடிந்த பிறகு வேகம் இறங்கத்தானே செய்யும்? அப்டேட்டை இரவுக்கு மாற்றினோம்.

ஒன்று சொல்ல மறந்தோம். ரவுட்டரின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியால் குத்தாதீர்கள். கம்பனி போட்டுத் தந்த அமைப்பெல்லாம் அழிந்துவிடும். சுவிட்சை நிறுத்தி ஒரு நிமிஷம் பொறுத்துப் போட்டால் போதும்.

இனி அந்தப் பாரத்துக்கு வருவோம். பிஸ்னஸ் கணக்கில் பொதுவாக என்ன கிடைக்கும்? பழுதை இத்தனை மணி நேரத்தில் பார்ப்போம் என்ற உறுதி, மேலே அனுப்பும் வேகம் கூடுதல், கேட்டால் மாறாத ஐபி இலக்கம். கடையின் கெமராவை வெளியூரிலிருந்து பார்ப்பவருக்கும், நாள் முழுக்கப் பெரிய கோப்புகள் அனுப்பும் கொமினிகேஷன் கடைக்கும் அது தேவைப்படலாம். வியாபாரப் பதிவுப் பத்திரமும் கேட்பார்கள். தைத்த சட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒருவருக்கு எதற்கு? கற்சுவர் பிஸ்னஸ் கணக்குக்கும் வழிவிடாது.

விளம்பரத்தில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் அது பிட் கணக்கு. 8 பிட் ஒரு பைட். ஆகவே ஒரு செக்கனுக்கு 12.5 மெகாபைட்தான் மிகக் கூடியது. அதையும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் பங்கு போட்டுக்கொள்ளும்.

உண்மையாகவே லைன் பழுதென்றால் கம்பனிக்குச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஸ்ரீலங்கா டெலிகொம் லைனுக்கு 1212. பலமுறை சொல்லியும் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அப்போது அந்த இலக்கம்தான் கைகொடுக்கும்.

மலையில் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். லயத்துத் தகரக் கூரை சிக்னலை மறைக்கும். 4ஜி ரவுட்டரை ஜன்னலோரம் வையுங்கள். ஐப்பசி இடிமுழக்கத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தொலைபேசி லைனில் வருவதானால் அந்த வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

போன கிழமை அந்தப் பெண் போன் எடுத்தார். அசைன்மென்ட் போய்விட்டதாம். பாரம் தையல் மெஷின் லாச்சிக்குள் கிடக்கிறதாம்.