சிரமதானத்துக்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

பொல்பிட்டியவிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. பூங்காவைப் புதுப்பிக்கிறார்களாம், சிரமதானம் வைத்துக் குளத்தை வெட்டி, சுற்றிலும் கொங்கிரீட் கரை கட்டப்போகிறார்களாம். வாலிபர் சங்கத்தில் நீ என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறாய். பொலித்தீனையும் போத்தல்களையும் தாராளமாக அள்ளுங்கள். கரையை மட்டும் விட்டுவிடச் சொல்.

குளத்து உயிர்களில் பெரும்பகுதி ஓரத்துச் சேற்றையும் புல்லையும் நம்பித்தான் பிழைக்கிறது. மழைநாளில் குளியலறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளுமே மரத்தவளை, முதுகில் உடுக்கை மாதிரி அடையாளத்தோடு? இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் கிளையில் வெள்ளை நுரை கட்டி, அதற்குள் முட்டையிடும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையைவிட்டு நேரே குளத்தில் விழும். அழகுக்காகக் கரை மரங்களைக் கவ்வாத்துப் பண்ணிவிட்டால் அது எங்கே போய் நுரை கட்டும்? விழுந்து வளர்ந்தவையும் வெளியேற வேண்டுமே! விரல்நகம் அளவுள்ள தவளைக்குட்டிக்குச் செங்குத்துச் சுவர் பெரிய மலை. தும்பிக் குஞ்சும் அப்படித்தான். பல வாரம் தண்ணீருக்குள் கிடந்து, புல்தண்டில் ஏறித் தோலுரித்த பிறகே பறக்கும். மீன்கொத்திக்குப் பொந்து குடைய மண்கரை வேண்டும்.

புல் இருந்தால் டெங்கு வரும் என்று யாராவது கட்டாயம் எழும்பிச் சொல்வார்கள். டெங்கு நுளம்பு அதிகம் பெருகுவது டயரிலும் சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும்தான். குளத்துத் தும்பிக் குஞ்சுகளோ நுளம்புக் குடம்பிகளைத் தின்பவை. அழகுக்கு மீன் விடலாம் என்று ஒருவர் வருவார்; அதற்கும் தலையாட்டாதே. 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்த திலாப்பியா இன்று எங்கும் இருக்கிறது. சின்னக் குளத்தில் மீன் பெருகினால் தலைப்பிரட்டைக்குத் தப்ப வழியில்லை.

ஓரத்துப் புதர் அழகைக் கெடுக்கும் என்பவர்களுக்கு நுவரெலியா விக்டோரியா பூங்காவைக் காட்டு. இமயமலைப் பக்கத்திலிருந்து காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தில் அங்கே வருகிறது. அதைத் தேடி வருகிறவர்கள் கமராவோடு காத்திருப்பது ஓடையோரத்துப் புதரடியில். பூப்பாத்தியை யார் பார்க்கிறார்கள்?

நியூயோர்க் சென்ட்ரல் பூங்காவில் ஹார்லெம் மீர் என்றொரு நீர்நிலை உண்டு. 1940களில் அதன் கரையைக் கொங்கிரீட்டால் கட்டினார்கள். பிறகு அதையே பெருஞ்செலவில் உடைத்தெடுத்து மண்ணும் செடியுமாக்கி, 1993இல் திறந்தார்கள். பணக்கார ஊர், இரண்டு முறை செலவழிக்கலாம். உங்கள் சங்கத்துக்கு அது கட்டாது.

சேறு எடுத்தே ஆகவேண்டும் என்றால் மழை குறைந்த தை, மாசியில் பாதிக் குளத்தில் மட்டும் எடுங்கள். மறுபாதி அடுத்த வருஷம். பிடுங்கிய பாசியை உடனே லொறியில் ஏற்றாமல் இரண்டு நாள் தண்ணீரோரம் போட்டுவைத்தால், அதில் சிக்கிய பூச்சியும் குட்டியும் ஊர்ந்து திரும்பிவிடும்.

சுவர் கட்டியே தீருவோம் என்று தலைவர் பிடிவாதம் பிடித்தால் சண்டைக்குப் போகாதே. ஒரு பக்கத்தையாவது சரிவாக விட்டு, கரடுமுரடான கருங்கல் அடுக்கச் சொல்.

அன்புடன்,
மாமா