வீட்டுக் கடனை மாற்றப் போகிறீர்களா?

இங்கிலாந்தில் அதே வங்கியில் வேறு வட்டித் திட்டத்துக்கு மாறுவோருக்குப் பெரும்பாலும் சொலிசிட்டர் தேவையில்லை. வேறு வங்கிக்குப் போகிறவர்களுக்குத்தான் தேவை.

புதிய வங்கி பல நேரம் ஒருவரை இலவசமாகவே அமர்த்தித் தரும். ஆனால் பத்திரத்தில் மனைவி பெயரைச் சேர்ப்பது, லீஸ்ஹோல்ட் வீட்டுக்கான கூடுதல் வேலை போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வரலாம். கட்டண விவரத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

சொந்தமாகத் தேடுபவர், அந்த சொலிசிட்டர் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறாரா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் வங்கி தனக்கென வேறொருவரை அமர்த்தி, அந்தச் செலவையும் கடன் வாங்குபவர் தலையில் கட்டக்கூடும். 2018 டிசம்பர் முதல் சொலிசிட்டர் நிறுவனங்கள் கடன் மாற்றும் வேலைக்கான கட்டணத்தை வெளிப்படையாக அறிவிப்பது கட்டாயம்.

சொலிசிட்டர் பெயரில் 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள்.