உயிர்ப் புள்ளியியலும் பிறதுறை மாணவரும்

உயிர்ப் புள்ளியியல் என்பது பிறப்பு, இறப்பு, நோய், மருந்து, உணவு முதலியவற்றைப் பற்றித் திரட்டிய கணக்குகளுள், தற்செயலாய் நேர்ந்தது எது, காரணம்பற்றி நேர்ந்தது எது எனப் பிரித்தறியும் நூலாகும். “இம்மருந்தை உண்டோருட் பலர் பிழைத்தனர்” என்று மருத்துவர் கூறின், “உண்ணாதிருந்தால் அவருள் எத்தனை பேர் பிழைத்திருப்பர்?” என்று புள்ளியியலார் வினவுவர். இவ்வொரு வினாவே இந்நூலின் வித்து எனலாம்.

இதனை முதுநிலை வகுப்பிற் கற்க விழைவோருள், இளநிலையிற் கணிதமோ புள்ளியியலோ பயிலாதாரும் உளர். உயிரியல், உளவியல், பொருளியல் பயின்றாரும் செவிலியரும் அவருள் அடங்குவர். இலக்கியம் பயின்றாரும் இல்லாமற் போகவில்லை. நம் நாட்டிலோ, பதினோராம் வகுப்பிற் சேரும்பொழுது எடுத்த பாடப்பிரிவையே ஒருவருடைய தலையெழுத்தாகக் கொள்ளும் வழக்கம் வேரூன்றியுள்ளது. பதினைந்து வயதில், பெரும்பாலும் பெற்றோரும் மதிப்பெண்ணும் சேர்ந்து செய்யும் அத்தெரிவு, அதன்பின் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிடுமோ? இத்துறையை ஆக்கினோர் வரலாற்றைக்கொண்டே இவ்வினாவை ஆராய்தல் தகும்.

ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் 1897-இல் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் உடலியல் வல்லுநர். மகனும் மருத்துவராகவே விரும்பினார். முதல் உலகப் போரில் கடற்படையின் விமானப் பிரிவிற் பணியாற்றுங்கால் அவரைக் காசநோய் பற்றியது. படுக்கையே வாழ்க்கையாயிற்று, மருத்துவக் கல்வி கைநழுவியது. படுத்த படுக்கையிலிருந்தே அஞ்சல் வாயிலாகப் பயின்று, 1922-இல் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பொருளியற் பட்டம் பெற்றார். பின்னர்க் கார்ல் பியர்சன் அவர்களின் புள்ளியியற் சொற்பொழிவுகளைக் கேட்டுத் தேர்ந்து, மருத்துவப் புள்ளியியலிற் புகுந்தார். மருத்துவப் பட்டமும் கணிதப் பட்டமும் இல்லாத இவரே, 1937-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரைகளால் மருத்துவர்க்கெல்லாம் புள்ளியியல் ஆசிரியரானார்.

தம்மை வருத்திய அந்நோயின்மீதே அவர் பின்னர்த் தம் கலையைச் செலுத்தினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து புதிதாகக் கண்டறியப்பட்ட காலம் அது. போருக்குப்பின் வறுமையுற்றிருந்த பிரிட்டனில் அம்மருந்து சிறிதளவே கிடைத்தது. நோயாளர் எல்லார்க்கும் வழங்க இயலாது. யார்க்குக் கொடுப்பது? மருத்துவரே தெரிந்தெடுப்பின், பிழைக்கக்கூடியவர்க்கே கொடுத்துவிடுதலும் கூடும். இரக்கத்தால் மிகவும் நலிந்தார்க்கே கொடுத்துவிடுதலும் கூடும். இரண்டாலும் மருந்தின் உண்மை வன்மை மறைந்துபோம். ஆதலின் ஹில், நம் வேதாகமத்திற் ‘சீட்டுப் போடுதல்’ எனப்படும் முறையையே கையாண்டார். தற்செயல் எண்களால் முடிவு செய்த சீட்டுகள், முத்திரையிட்ட உறைகளில் வைக்கப்பட்டன. நோயாளர் சோதனைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னரே உறை திறக்கப்பட்டது. 107 பேருள் 55 பேர் மருந்தும் படுக்கை ஓய்வும் பெற்றனர். 52 பேர் ஓய்வு மட்டுமே பெற்றனர். ஆறு மாதங்களில் முற்கூறியோருள் 4 பேரும் பிற்கூறியோருள் 14 பேரும் இறந்தனர். இம்முடிவு 1948-இல் வெளியாயிற்று.

இனி, இவ்வெண்களைச் சிறிது நோக்குவோம். 55-இல் 4 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 7. 52-இல் 14 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 27. வேறுபாடு பெரிதே. ஆயினும் மருந்து சிறிதும் பயனற்றது என்றே வைத்துக்கொள்வோம். அப்பொழுது இறந்த பதினெண்மரும் எக்குழுவில் இருந்திருப்பினும் இறந்தேயிருப்பர். சீட்டு அவர்களை இவ்வாறு பகுத்தது என்பதே விளக்கமாகும். வெறுஞ் சீட்டினால் இத்துணை வேறுபாடு விளைதற்குரிய நிகழ்தகவு எவ்வளவு எனக் கணக்கிடின், அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகிறது. ஆகவே, மருந்து பயனற்றது என்னும் கொள்கையைக் கைவிடுகிறோம். சீட்டுப் போட்டதனாலன்றோ இக்கணக்கை நாம் இடவுங்கூடும்! மருத்துவர் மனம்போலத் தெரிந்தெடுத்திருப்பின், தற்செயலின் அளவை எக்கணிதமும் நமக்குச் சொல்லாது. (அம்மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைக் கிருமிகள் விரைவிற் பெற்றன என்பதும் அச்சோதனையிலேயே தெரிந்தது, ஆதலின் பின்னர் வேறு மருந்தையும் உடன் சேர்த்தே கொடுத்தனர்.)

தானியேலும் தோழர் மூவரும் பத்து நாள் மரக்கறி உண்டு, அரசனுடைய உணவை உண்டவரோடு ஒப்பிடப்பட்ட வரலாற்றை முதல் மருத்துவச் சோதனை என்று கூறுவாருளர். ஒப்பீடு அங்கே உண்டு. ஆனாற் சீட்டு இல்லை. மரக்கறியைத் தாமே விரும்பியவர் நால்வர். அவர்தம் முகப்பொலிவு உணவினால் வந்ததோ, அவர்தம் உறுதியினால் வந்ததோ, ஆண்டவர் அருளினால் வந்ததோ எனப் புள்ளியியலாற் பிரித்தறிதல் இயலாது. வேத ஆசிரியர் நோக்கமும் அதுவன்று என்பது வேறு.

ஹில் ஒருவர்தாமா எனின், அல்லர். அமெரிக்கரான ஜெரோம் கார்ன்பீல்டு 1933-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பட்டம் பெற்றவர். அதற்குமேற் பட்டம் எதுவும் பெற்றிலர். நோயுற்றோரையும் உறாதோரையும் வினவித் திரட்டிய கணக்கிலிருந்து, ஒரு பழக்கம் நோயை எத்தனை மடங்கு மிகுவிக்கிறது என மதிப்பிடும் வழியை 1951-இற் காட்டியவர் அவரே. ஜெர்ட்ரூடு காக்ஸ் அம்மையாரோ, மெதடிஸ்டு திருச்சபையில் உதவி ஊழியராக விரும்பி, அநாதைப் பிள்ளைகளைப் பேணும் இல்லத்திற் பணிசெய்தவர். பின்னரே கணிதம் பயின்று, 1931-இல் அயோவா அரசுக் கல்லூரியிற் புள்ளியியல் முதுநிலைப் பட்டம் பெற்றார். ‘பயோமெட்ரிக்ஸ்’ இதழின் முதல் ஆசிரியராயினார்.

இங்கு ஒன்று கூறவேண்டும். மேற்கூறிய மூவரும் கணிதத்தை விலக்கி இத்துறைக்கு வந்தவரல்லர். காலந்தாழ்த்தியேனும் அதனைக் கற்று வந்தவர். இதனை மறைத்து, “யாரும் எளிதிற் புகலாம்” என்பார் மாணவர்க்குத் தீங்கே செய்கின்றார். ஒன்றின்மேற்பட்ட மாறிகளைக் கொண்ட நுண்கணிதம், அணிகளைப் பற்றிய இயற்கணிதம், நிகழ்தகவு என்னும் மூன்றும் தவிர்க்கலாகாதன. ‘ஆர்’ போன்ற கணிப்பொறி மொழியொன்றிலும் பழக்கம் வேண்டும்.

இனி, இலக்கிய மாணவர் வெறுங்கையராகவா வருகின்றார்? யானும் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனே ஆதலின், சார்புபற்றிக் கூறுகின்றேன் என்று நினைத்தல் வேண்டா. பழைய நூல்களைப் பதிப்பிக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தற்குப் பல ஏடுகளை ஒப்புநோக்கினார்கள். பத்து ஏடுகள் ஒரு பாடத்தையும் இரண்டு ஏடுகள் மற்றொரு பாடத்தையும் காட்டுமாயின், பத்தே வெல்லும் எனப் பாடம் தேர்வோர் கொள்ளார். அப்பத்தும் ஒரு மூல ஏட்டினின்று படியெடுத்தனவாயின், சாட்சிகள் பத்தல்ல, ஒன்றே. ஒரு வீட்டில் ஒரே கிணற்று நீரை உண்ணும் பதின்மரைப் பத்துத் தனிச் சாட்சிகளாக எண்ணலாகாது என்று புள்ளியியலார் கூறுவதும் இதுவே. பிரதி செய்வோன் கண் எங்கே வழுவும், கை எங்கே வழுவும் என ஆராய்ந்து பழகியவர்க்கு, மருத்துவமனைப் பதிவேட்டில் வழு எவ்வாறு புகும் என்பது முற்றும் புதிதாயிராது. கணிதம் வல்லார் பலர்க்கு எண்களை ஐயுறும் இப்பழக்கம் பின்னரே வருகிறது.

விண்ணப்பத்தைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, பட்டத்தின் பெயரைக் காட்டிலும் பயின்ற பாடங்களையே நோக்குவன. நம் நாட்டு நிறுவனங்களுட் பல, இளநிலையிலேயே கணிதமோ புள்ளியியலோ பயின்றிருத்தலை வேண்டுவன. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்நூலுக்கெனத் தனித்துறையும் முதுநிலை வகுப்பும் உண்டு. அங்குச் சேர விழைவார் தகுதி விதிகளை முதலிற் பார்த்துக்கொள்ளுதல் நலம். தாமே படித்தேன் என்பது பெரும்பாலும் செல்லாது. தேர்வெழுதி மதிப்பெண் பெற்ற சான்று வேண்டும். பரிந்துரைக் கடிதம் மூன்றனுள் ஒன்றேனும் கணிதம் கற்பித்த ஆசிரியரிடமிருந்து வருதல் வேண்டும். தமிழாசிரியர் மூவர் எத்துணை அன்போடு எழுதினும், நுண்கணிதத்தில் இம்மாணவர் நிலைப்பாரோ என்னும் ஐயத்தை அவர் தீர்த்தல் இயலாது. நோக்கவுரையில் “இளமைதொட்டே எண்களில் எனக்குக் காதல்” என எழுதுவார் பலர். அதனை விடுத்துத் தாம் கண்டதொரு கேள்வியை, நம் ஊர்ப் பதிவேட்டிலோ நூலிலோ கண்டதாயினும், எண்ணால் எங்ஙனம் ஆராயலாம் என ஒரு பத்தியில் எழுதுதல் சிறப்பு.

ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்கும் வகுப்புக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல முந்திய டிசம்பர், ஜனவரி மாதங்களிலேயே விண்ணப்பம் பெறுகின்றன. ஆகவே பட்டம் பெற்ற ஆண்டிலேயே சேர விரும்புவார், இறுதியாண்டின் நடுவில் நுண்கணித மதிப்பெண்ணைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். அதற்குரிய முதற் பாடத்தை இரண்டாமாண்டிலேயே தொடங்குதல் வேண்டும். அஃது இயலாதார் பட்டத்திற்குப்பின் ஓராண்டு ஒதுக்கிப் பயின்று விண்ணப்பிக்கலாம்.