கணினித் திரையில் நரம்புச் செல்: மின்செயல்பாட்டைக் கற்பிக்கும் முறை

செல்சவ்வின் மின்செயல்பாட்டைக் கற்பிக்க மின்வாய்களும் ஆம்ப்ளிஃபயரும் நிறைந்த ஆய்வகம் இல்லாவிட்டாலும் சிமுலேஷன் கைகொடுக்கும். பள்ளி மாணவருக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தொகுப்பிலுள்ள ‘நியூரான்’ போதும். அயனிகள் நகர்வதைக் கண்ணால் காணலாம். கல்லூரி வகுப்புக்கு, எண்களை மாற்றிப் பார்க்க இடம் தரும் மெட்டாநியூரான் ஏற்றது. இரண்டும் இலவசம்.

எதைப் பயன்படுத்தினாலும், பொத்தானை அழுத்துமுன் மாணவர் தம் கணிப்பை நோட்டில் எழுதிவிட வேண்டும். இல்லையேல் வகுப்பு வீடியோ கேமாகிவிடும். ஒரு நேரத்தில் ஓர் அளவை மட்டுமே மாற்ற வேண்டும்.

முதலில் பொட்டாசியம். செல்லுக்குள் 140, வெளியே 5 மில்லிமோலார், வெப்பநிலை 37 டிகிரி என்றால் நெர்ன்ஸ்ட் சமன்பாடு தருவது -89 மில்லிவோல்ட். வெளியே 10 ஆக்கினால்? வெளியே நேர்மின்சுமை கூடுவதால் உட்புறம் மேலும் எதிர்மின்னாகும் என்று எழுதுவோர் உண்டு. திரையில் வருவதோ சுமார் -70. செறிவு வேறுபாடு குறைந்தால் அயனி வெளியேறும் உந்துதலும் குறைகிறது. இங்கே அவசரப்படாமல் நின்று பேச வேண்டும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது இதயத்துடிப்பு தடுமாறுவதற்கும் வேர் இதுதான்.

அடுத்து, ஊசிக்கணவாயின் பெரிய ஆக்ஸானை ஆராய்ந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் வெளியிட்ட மாதிரி. (அதன் கணக்குகளை ஹக்ஸ்லி போட்டது கையால் சுழற்றும் கணக்குப்பொறியில்.) தூண்டல் மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஓர் அளவைத் தாண்டியதும் செயல்நிலை மின்னழுத்தம் எழும். பிறகு சம வலிமையுள்ள இரு தூண்டல்களை 25 மில்லிசெகண்ட் இடைவெளியில் கொடுத்து, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் இரண்டாவது சிகரம் காணாமல் போகும். அந்தத் தூண்டலை மட்டும் வலுப்படுத்தினால் திரும்பவும் தோன்றும். இடைவெளி மிகக் குறுகினால் எவ்வளவு வலுவிலும் தோன்றாது.

வோல்டேஜ் கிளாம்ப் பயிற்சியில் சவ்வை 0 மில்லிவோல்ட்டுக்கு உயர்த்தினால் முதலில் உள்நோக்கியும் பின்னர் வெளிநோக்கியும் மின்னோட்டம் பாயும். சோடியக் கடத்துதிறனைச் சுழியாக்கினால் உள்நோக்கிய பகுதி மறையும். டெட்ரோடோடாக்சின் நஞ்சு செய்வதும் இதையே.

கடைசியாக, மாதிரியின் எல்லையையும் காட்ட வேண்டும். அதன் மூல வெப்பநிலை 6.3 டிகிரி. அதையே 37 ஆக்கினால் சிகரம் மிகவும் சுருங்கும், அல்லது எழாமலே போகும். மென்பொருள் பழுதாகிவிட்டது என்று மாணவர் நினைப்பார்கள். பழுதில்லை, அது கணவாயின் ஆக்ஸான், மனித நரம்பல்ல.