ரிசர்வ் வங்கியிடம் கேட்கலாமா?

நம்பிக்கை: கேட்ட தகவலை ‘ரகசியம்’ என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டால் அத்தோடு சரி.

உண்மை: குஜராத் கூட்டுறவு வங்கி ஒன்றில் நடந்த ஆய்வு பற்றி ஜெயந்திலால் மிஸ்திரி என்பவர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டார். வங்கிகள் எங்களை நம்பி ஒப்படைத்தவை, தர முடியாது என்றது ரிசர்வ் வங்கி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 டிசம்பரில் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. வங்கிகள் கணக்கு காட்டுவது சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான். அதில் நம்பி ஒப்படைக்க என்ன இருக்கிறது? ரிசர்வ் வங்கி காக்க வேண்டியது வைப்புதாரர்கள், பொதுமக்கள் நலனை, தனித்தனி வங்கிகளின் நலனை அல்ல என்றார்கள் நீதிபதிகள். அதற்குப் பிறகும் ஆய்வறிக்கைகளைத் தர மறுக்கும் கொள்கையொன்றை ரிசர்வ் வங்கி வகுத்துக்கொண்டது. பிடிவாதம்தான். 2019இல் அதைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றம் எச்சரித்தது.

நம்பிக்கை: அப்படியென்றால் கேட்டதெல்லாம் கிடைக்கும்.

உண்மை: கிடைக்காது. வணிக ரகசியம், தனிநபர் விவரம், நாட்டின் பொருளாதார நலன் ஆகியவற்றுக்கான விலக்குகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இருக்கவே செய்கின்றன. 2015 தீர்ப்பு தனியுரிமையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வங்கிகள் தொடுத்த மனுக்களை விசாரிக்கலாம் என 2022இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. பக்கத்து வீட்டுக்காரரின் கடன் பாக்கியைத் தெரிந்துகொள்ள இது வழியல்ல.

நம்பிக்கை: தனியார் வங்கி பற்றிக் கேட்கவே முடியாது.

உண்மை: அந்த வங்கியிடம் நேராகக் கேட்க முடியாது. ஆனால் வேறொரு சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கி அதனிடமிருந்து பெறக்கூடிய தகவலை ரிசர்வ் வங்கியிடம் கேட்கலாம்.

நம்பிக்கை: எதற்குக் கேட்கிறோம் என்று எழுத வேண்டும்.

உண்மை: வேண்டாம். கட்டணம் 10 ரூபாய் செலுத்தினால் போதும். ஆனாலும், விலக்குக்குள் வரும் தகவல் என்றால் அதில் உள்ள பொதுநலனை இரண்டு வரியில் எழுதுவது நல்லது. பொதுநலன் பெரிதென்றால் அந்தத் தகவலையும் தர 8(2) பிரிவு இடம் தருகிறது. “ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள். எந்த வங்கி, எந்த ஆண்டு, எந்த அறிக்கை என்று ஆவணத்தைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். ஒரு பகுதிதான் ரகசியம் என்றால் அதை நீக்கிவிட்டு மீதியைக் கேட்கலாம். பதிலில் திருப்தியில்லை என்றால் 30 நாளில் முதல் முறையீடு, அதிலும் பலனில்லை என்றால் 90 நாளில் மத்திய தகவல் ஆணையம்.